எச்சில் விழுங்கிய இயந்திரம்

அத்தியாயம் ஏழு

“அக்கா, நீங்களுமா? உங்களையும் அந்த ஸ்டெப் விட்டு வைக்கலையா?”

கேட்டுவிட்டுச் சிரித்த சீட்டியின் சிரிப்பு பாதி வழியிலேயே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. அவனுடைய முதலாளியம்மாளும் சிரிக்கவில்லை. ஆனால் அது செய்தியே இல்லை. துப்பறியும் தொழிலில் அந்த அம்மாளுக்கு ‘மிளகாய்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதில் விழுந்தபோது, முதலிலேயே தெரிந்திருந்தால் போர்டில் அதையே எழுதச் சொல்லியிருப்பேனே என்றாளாம்.

வந்திருந்த பெண் செய்தது இவ்வளவுதான். இடது கையைத் தொண்டைக்குழியில் வைத்தாள். முகவாயை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடி, கழுத்தை மெல்ல இறக்கினாள். ‘நியான் நெஞ்சம்’ என்ற பாட்டின் வீடியோவில் வரும் வெள்ளிப் பெண் ரோபோ செய்வதும் இதையேதான். ஆறு மாதமாக ஊரும் இதையேதான் செய்துகொண்டிருந்தது. சிக்னலில் நிற்கும் பைக் ஓட்டிகள் செய்தார்கள். பல் தேய்க்கும்போது பிள்ளைகள் செய்தார்கள். போன வாரம் ஒரு மந்திரி மேடையில் செய்து, கழுத்து பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அந்தப் பெண் மேஜை மேல் இருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். மறுபடியும் அதே கை, அதே சாய்வு. பிறகு பேசினாள். பேசினாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. காகிதத்தைக் காகிதத்தோடு உரசினாற்போல் ஒரு சத்தம் வந்தது.

“ஸ்டெப் இல்ல தம்பி. எச்சில் விழுங்கறேன். ஆபரேஷனுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே இப்படித்தான். சாய்ச்சாதான் இறங்கும்.”

சீட்டிக்கு முகம் வெளுத்தது. எந்நேரமும் விசிலடித்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். இப்போது ஊதச் சொன்னாலும் காற்று மட்டும்தான் வந்திருக்கும்.

“ஃபேனை நிறுத்துடா,” என்றாள் மிளகாய். “அப்படியே உன் வாயையும். நீங்க சொல்லுங்கம்மா.”

ஃபேன் நின்ற அறையில் காகிதக் குரல் கதை சொன்னது.

அவளை இசைக்குழு முழுக்க ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடும். குழுத் தலைவன் அவள் புருஷனுக்குத் தம்பி. மேடையில் அவன் பெயர் வோல்ட். பெற்றவர்கள் வைத்த பெயரை அவன் பேட்டிகளில் ‘பழைய சாஃப்ட்வேர்’ என்று குறிப்பிடுவான். கிட்டார் கிடையாது, தபேலா கிடையாது. அவன் இசை முழுக்க சிந்தசைசரிலும் கம்ப்யூட்டரிலும்தான். அண்ணன், அதாவது அண்ணியின் புருஷன், அவன் பின்னால் நின்று எலெக்ட்ரானிக் டிரம்மைத் தட்டுவார். தட்டச் சொன்னால் தட்டுவார். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். வீட்டிலும் அதே சுபாவம்.

‘நியான் நெஞ்ச’த்தைப் பாடியது அண்ணி. அவள் பாடகி அல்ல. வீட்டுப் பின்னறையில் வெளிச்சத்தம் வராமலிருக்கக் கம்பளி தொங்கவிட்டு, “சும்மா ட்ராக் மட்டும் பாடிக் கொடுங்க அண்ணி, அப்புறம் பெரிய பாடகியைக் கூப்பிட்டுக்கறேன்,” என்றான் வோல்ட். பாடினாள். அதன்பிறகு தொண்டையில் கட்டி, ஆபரேஷன், குரல் போயிற்று. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாட்டு வெளியானது. கூடவே வோல்ட்டின் அறிவிப்பும் வெளியானது: இந்தப் பாட்டை மனிதர் யாரும் பாடவில்லை. என் இயந்திரம் பாடியிருக்கிறது.

“பழைய ரெக்கார்டிங் ஏதாவது இருக்குமே? ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சிடுமே?” என்றாள் மிளகாய்.

“அதுக்கும் பதில் வச்சிருக்கார். மெஷினுக்குப் பழக்கறப்போ அண்ணி பேசறதைத்தான் போட்டுக் காட்டினேன், அதனால சாயல் இருக்கும்னு சொல்றார். பாடினது மெஷினாம்.”

“உங்க வீட்டுக்காரர்?”

அண்ணி டம்ளரைத் தள்ளி வைத்தாள். “குடும்பத்துக்குள்ள எதுக்கு, விடுன்னார்.”

மிளகாயின் கையிலிருந்த பென்சில் முறிந்தது. சீட்டி பழக்கதோஷத்தில் இன்னொன்றை எடுத்து நீட்டினான்.

“இத்தனை நாள் விட்டுட்டீங்க. இன்னைக்கு என்ன?”

“இன்னைக்குச் சாயந்தரம் அந்தக் குரலை விக்கறார் மேடம். ஒரு கம்பெனிக்கு. லிஃப்ட்ல, பஸ்ல, போன்ல எல்லாம் அதுதான் பேசுமாம். என் குரலை இப்ப கம்ப்யூட்டர்ல நகல் எடுத்து வச்சிருக்கார், எதை எழுதிக் கொடுத்தாலும் பேசும்.” இருமல் வந்து போயிற்று. “வீட்ல என் பொண்ணைச் சாப்பிடக் கூப்பிட நான் கை தட்டறேன். ஊர்ல இருக்கற லிஃப்ட் எல்லாம் என் குரல்ல பேசப் போகுது. எனக்குக் காசு வேண்டாம். அது நான்னு அவர் வாயால சொல்லணும்.”

மிளகாய் எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் இரண்டு பெண்கள் கழுத்தைச் சாய்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த வெள்ளி ரோபோவா நடிச்ச பொண்ணு உங்களைப் பாத்திருக்காளா?”

“இல்ல. ஷூட்டிங்குக்கு நான் போனதே இல்ல.”

“வீடியோவை நீங்க பாத்திருக்கீங்களா?”

“ஆரம்பிச்சதும் அணைச்சிடுவேன். தாங்க முடியல.”

“நல்லது. இன்னும் கொஞ்ச நேரம் பாக்காமலே இருங்க.” மிளகாய் கைப்பையை எடுத்தாள். “டேய், நம்ம கிட்ட இருக்கறது ஒரே ஒரு நூல். இந்தம்மா விழுங்கினது அந்தப் பொண்ணு கழுத்துக்கு எப்படிப் போச்சு? கிளம்பு.”

வீடியோவின் இயக்குநர் கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட், ஜன்னலில்லாத எடிட்டிங் அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி என்று உட்கார்ந்திருந்தார். சுவரில் அவர் படமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகையிலிருந்து வருகிறோம் என்று சீட்டி பொய் சொன்னதும் நாற்காலி கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் அவர் படம் போடுவோம் என்றதும் காபி வந்தது.

“அந்தக் கழுத்து மூவ்மென்ட்...” என்று ஆரம்பித்தாள் மிளகாய்.

“என்னுடையது,” என்றார் இயக்குநர். “கனவுல வந்தது. ஒரு இயந்திரம் மனுஷனை விழுங்குது. அந்த விழுங்கல்தான் இந்த நூற்றாண்டு.”

“வோல்ட் சார் டீவி பேட்டில அது தன்னோடதுன்னு சொன்னாரே? இயந்திரத்துக்குப் பசி எடுக்கறதாம்.”

கறுப்புக் கண்ணாடி ஒரு கணம் இறங்கி ஏறியது. “அவர் பாட்டுப் போடறவர். கழுத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?”

“அப்ப ரிகர்சல்ல நீங்களே அந்தப் பொண்ணுக்குச் செஞ்சு காட்டினீங்களா சார்?” என்று சீட்டி பவ்யமாகக் கேட்டான். “எங்களுக்கும் ஒருதரம் காட்டுங்களேன். அட்டைப்படம் எடுத்துக்கறோம்.”

இயக்குநர் தொண்டையில் கை வைத்தார். வலது கை. வலப்பக்கமே சாய்ந்தார். இயந்திரம் மனிதனை விழுங்குவதற்குப் பதில், மனிதருக்கு அஜீரணம் போல் இருந்தது. மிளகாய் நோட்டைப் புரட்டினாள்.

“இன்னொரு சந்தேகம். பாட்டு நடுவுல மியூசிக் மட்டும் வர்ற இடத்துல அந்த ரோபோ வாயசைக்குது. சத்தம் இல்ல. அது என்ன சொல்லுதுன்னு நெட்ல அடிச்சுக்கறாங்களே?”

“மௌன வரி!” இயக்குநர் கையைத் தூக்கினார். “ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கு. சொன்னா அதோட அழகு போயிடும். அது ரகசியம்.”

“உங்களுக்குத் தெரியும்?”

“...வோல்ட்டுக்குத் தெரியும். நான் எடுத்தேன். அந்தப் பொண்ணு அந்த இடத்துல வாயசைச்சா. ஆஹான்னு இருந்தது. வெட்டாம விட்டேன்.”

“நீங்க அசைக்கச் சொன்னீங்களா?”

“கலைல சொல்றதுன்னு எதுவும் கிடையாது மேடம்.”

“அப்ப செட்ல பாட்டு ஓடினப்போ உங்களுக்கு அந்த இடத்துல என்ன கேட்டுச்சு?”

“செட்ல பாட்டு ஓடவே இல்லையே!” இயக்குநருக்கு இதிலும் பெருமைதான். “வெளியீட்டுக்கு முன்னாடி யார் காதுலயும் விழக் கூடாதுன்னு வோல்ட் கண்டிஷன். பாட்டு அந்தப் பொண்ணு காதுக்குள்ள மட்டும். நாங்க வெறும் தாளத்தை எண்ணிக்கிட்டு எடுத்தோம். முடிஞ்சதும் வோல்ட் வந்து அந்தக் காதுக் கருவியை வாங்கி, பெட்டில வச்சுப் பூட்டி, பாடிகார்டோட எடுத்துக்கிட்டுப் போனார். அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு ஃபைனல் பாட்டு வந்தது. படத்து மேல ஒட்டினேன்.”

மிளகாய் எழுந்தாள். காபி அப்படியே இருந்தது.

“அட்டைப்படம்?” என்றார் இயக்குநர்.

“சார், இந்தக் கறுப்புல நீங்க எங்க இருக்கீங்கன்னே கேமராவுக்குத் தெரியல,” என்றான் சீட்டி.

படியில் இறங்கும்போது மிளகாயின் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. “கேட்டியா? அவ காதுல ஓடின பாட்டு வேற. நாம கேக்கற பாட்டு வேற. நடுவுல ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்துலதான் இந்தம்மா ஆஸ்பத்திரில படுத்திருக்காங்க. கட்டில்ல கெடக்கற மனுஷியோட மூச்சை, மெஷின் மாதிரி கேக்கணும்னு, இங்க உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டி எடுத்திருக்கான், ராஸ்கல்.”

“அப்ப வெட்டாத பாட்டு அந்தப் பெட்டில இருக்கும் பாஸ்.”

“அழிச்சிருப்பான். அகம்பாவம் உள்ளவன்தான், முட்டாள் இல்ல. ஆனா பாட்டுல இருந்து வெட்டினவன் மூஞ்சில இருந்து வெட்டல. அந்தப் பொண்ணு இன்னைக்கு எங்க இருக்கா?”

வெள்ளி, அதாவது ரோபோவாக நடித்த அந்தப் பெண், உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சோடு ஒரு வணிக வளாகத்தின் வாசலில் சிலையாக நின்றுகொண்டிருந்தாள். கோடிப் பேர் பார்த்த வீடியோவின் கதாநாயகிக்கு அதற்குப் பிறகு கிடைத்த வேலை அது. வோல்ட் இரண்டாவதாக எடுத்த வீடியோவில் ஆளே கிடையாது. காலி மேடை, ஒரு மைக், பக்கத்தில் விளக்குகள் மினுக்கும் பெட்டி. ‘கலைக்கு உடல் தேவையில்லை’ என்று அதற்கு விளக்கம் சொன்னான். உடல் என்றால் சம்பளம் கேட்கும், சாப்பாடு கேட்கும் என்பதை அவன் சொல்லவில்லை.

சிலை அசையக் கூடாது. அசைந்தால் கூலி பிடிப்பார்கள். ஆகவே பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு மிளகாய் தெருவைப் பார்த்துப் பேசினாள். சிலை உதட்டை அசைக்காமல் பதில் சொன்னது.

“அந்தக் கழுத்தை யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?”

“யாரும் இல்ல மேடம். காதுல என்ன வருதோ அது மூஞ்சில வரணும். அதான் என் தொழில். மூச்சு இழுத்தா நானும் இழுப்பேன், சிரிச்சா நானும் சிரிப்பேன். அந்தக்கா அங்கங்க விழுங்கினாங்க. கஷ்டப்பட்டு விழுங்கற சத்தம். எங்கம்மாவுக்கும் தொண்டைல கட்டி வந்து அப்படித்தான் விழுங்குவாங்க, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சத்தத்தைக் கேட்டதும் கை தானா போச்சு.”

ஒரு குடும்பம் வந்து சிலையோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. எல்லாரும் தொண்டையில் கை வைத்துக் கழுத்தைச் சாய்த்தார்கள். சிலை மட்டும் சாயவில்லை. அவர்கள் போனதும் வெள்ளிப் பூச்சுக்குள்ளிருந்து குரல் வந்தது:

“மெஷின்தான் பாடுச்சுன்னு நியூஸ் வந்ததும் டைரக்டருக்கு போன் பண்ணினேன் மேடம். பாடினது ஒரு அக்கா சார்னு சொன்னேன். வாய் அசைக்கத்தானே காசு கொடுத்தோம், பேச இல்லையேன்னு வச்சிட்டார்.”

மிளகாய் பல்லைக் கடித்த சத்தம் சீட்டிக்குக் கேட்டது.

“நடுவுல சத்தமில்லாம வாயசைக்கிறியே,” என்று ஆரம்பித்தான் சீட்டி, “அந்த மௌன வரி...”

“அதுவா? அது வரியே இல்லண்ணா, அந்தக்கா பாட்டை நிறுத்திட்டு...”

“சொல்லாதே!” மிளகாய் சிலை பக்கமே திரும்பி அதட்டினாள். வாசலில் நின்ற காவலாளி விறைத்தான். “என்கிட்டயும் சொல்லாதே, இவன்கிட்டயும் சொல்லாதே. வேலை எப்ப முடியும்?”

“சாயந்தரம்.”

“பூச்சைக் கழுவாம அப்படியே வா. குரலை வாங்கற கம்பெனிக்கு இவன் கூட்டிக்கிட்டு வருவான். வந்து கதவுக்கு வெளிய நில்லு. கூப்பிட்டா உள்ள வந்து, அந்த இடத்துல உன் காதுல என்ன கேட்டுச்சோ அதை வாய் விட்டுச் சொல்லு. போதும்.”

“நான் மறந்திருந்தா மேடம்?”

“மறந்தியா?”

சிலை முதல் தடவையாகச் சிரித்தது. கூலியில் கொஞ்சம் போயிருக்கும். “அதை எப்படி மேடம் மறக்க முடியும்?”

கம்பெனி, கண்ணாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. மிளகாயும் அண்ணியும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு அசைந்ததும் மேலிருந்து ஒரு பெண் குரல், தேன் போல, கொஞ்சம் கரகரப்பாக:

“கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நில்லுங்கள்.”

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். விற்பதற்கு முன்பே மாதிரிக்கு மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் அந்தக் குரல் மாடியின் எண்ணைச் சொன்னது. அண்ணியின் உதடுகள் கூடவே அசைந்தன, சத்தமில்லாமல். இது சோகம் என்று மிளகாய் முதலில் நினைத்தாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். சோகம் இல்லை. கடித்துத் துப்பக் காத்திருக்கும் முகம்.

உள்ளே நீள மேஜை. அதன் ஒரு முனையில் கம்பெனி அதிகாரி, நரைத்த தலையும் சலித்த கண்ணுமாக ஒரு அம்மாள். வோல்ட் உட்காரவில்லை, நின்றுகொண்டு பேசுவதே அவனுக்குப் பொருத்தமாக இருந்தது. கோட்டில் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. மூலையில் அண்ணன், கையைத் தொடை மேல் வைத்து, யாரோ தாளம் சொல்லக் காத்திருப்பவர் போல.

“அண்ணி! நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்? உடம்பு என்னத்துக்கு ஆகும்?” வோல்ட்டின் பரிவில் சர்க்கரை ஜாஸ்தி. “இவங்க யாரு?”

“உங்க ரசிகை,” என்றாள் மிளகாய். “மேடம், கையெழுத்துக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் யாருமே இல்லைன்னு நம்பித்தானே வாங்கறீங்க?”

“ஆமா,” என்றார் அதிகாரி. “ஆள் இருக்கற குரலை ஆளோட சம்மதம் இல்லாம வாங்கினா, நாளைக்குக் கோர்ட்ல நிக்கப் போறது நாங்கதான்.”

“பாடினது மெஷின்,” என்றான் வோல்ட். “இதை நான் ஆயிரம் தடவை...”

“நாங்களும் நம்பறோம் சார். அந்த மௌன வரி மட்டும் இன்னும் புரியல. பாட்டை உருவாக்கினவர் நீங்க. மெஷின் அங்க என்ன சொல்லுது? குரலை வாங்கறவங்களுக்காவது தெரிய வேண்டாமா?”

வோல்ட் யோசித்தான். அறையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அந்த நிலைமையில் அவன் வாயை மூடிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

“இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.” கண்ணை மூடினான். “‘மனிதா, உன் மூச்சை என்னிடம் ஒப்படை. நான் அதற்கு மின்சாரம் தருகிறேன்.’ இதான். நானே எழுதி, அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.”

“அப்படியா? மேடம், அந்த இடத்தைச் சத்தமில்லாம ஒருதரம் போடுங்க.”

சுவர்த் திரையில் வெள்ளி ரோபோ தோன்றியது. அண்ணி அந்த வீடியோவை அணைக்காமல் பார்ப்பது அதுவே முதல் தடவை. ரோபோவின் கை தொண்டைக்குப் போனபோது அண்ணியின் கையும் தானாகப் போயிற்று. தான் பட்ட அவஸ்தையை வேறொருத்தி உடம்பில், விளக்குகளுக்கு நடுவே பார்த்தாள். பிறகு மௌன வரி வந்தது. வெள்ளி உதடுகள் அசைந்து முடிந்தன.

அண்ணியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அண்ணன் பாதி எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியுதாம்மா?” என்றாள் மிளகாய். “சத்தமாச் சொல்ல வேண்டாம், அது உங்களால முடியவும் முடியாது. மேடம் காதுல மட்டும் சொல்லுங்க. நானும் இதுவரை இவங்களைக் கேட்டதில்ல.”

அண்ணி போய்க் குனிந்து அதிகாரியின் காதில் காகிதத்தை உரசினாள். அதிகாரியின் புருவம் ஏறியது. ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

“சீட்டி!”

கதவு திறந்து, தலை முதல் கால் வரை வெள்ளியாக ஒருத்தி வந்து நின்றாள். வோல்ட்டின் கோட்டு விளக்குகள் மட்டும் நிம்மதியாக மினுக்கின.

“இவங்க ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல,” என்றாள் மிளகாய். “சொல்லும்மா. பாட்டு நடுவுல உன் காதுல என்ன கேட்டுச்சு?”

வெள்ளி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு, ஆறு மாதமாக ஊரைத் தூங்கவிடாத அந்த வரியை, எந்தக் குரலில் கேட்டாளோ அதே அவசரத்தோடு சொன்னாள்:

“‘தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. அடுப்புல பால் இருக்கு. உங்க அண்ணனை நம்பிட்டு இருக்க முடியாது.’”

தன் காதில் விழுந்ததும் இதேதான் என்று அதிகாரி தலையாட்டினார். பிறகு சீட்டி மெல்லக் கேட்டான்: “சார், உங்க மெஷினுக்கு எத்தனை பர்னர்?”

“இது சதி!” வோல்ட் மேஜையைத் தட்டினான். “ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு... உதட்டுக்கு எதை வேணா பொருத்தலாம்!”

“அப்ப உங்களோடதைப் பொருத்துவோம்,” என்றார் அதிகாரி. அந்தத் துண்டை மறுபடி ஓட விட்டார். “சொல்லுங்க.”

“மனிதா, உன் மூச்சை என்னிடம் ஒப்படை, நான் அதற்கு...” வோல்ட் மின்சாரத்துக்கு வருவதற்குள் ரோபோ வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

“எடிட்டிங்ல வெட்டிட்டாங்க!” என்று கத்தினான். “அந்த டைரக்டருக்கு ஒண்ணும் தெரியாது! அண்ணி, குடும்ப மானத்தை இப்படி ஊர்ல போய்...”

“குடும்ப மானமா?” மிளகாய் எழுந்து நின்றாள். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்தது வெளியே வந்தது. “ஆபரேஷன் கட்டில்ல கெடக்கற மனுஷியோட மூச்சை ஒவ்வொண்ணா வெட்டி எடுத்தப்போ அது எங்க போச்சு? அவங்க வலியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஊரே ஆடுது, அதுக்கு நீ டீவில உக்காந்து தத்துவம் சொல்றே! உனக்கு இருந்த ஒரே மெஷின் உங்க அண்ணி. அதையும் ரிப்பேர்னு ஓரமா வச்சிட்டே.”

“ஆதாரம் இருக்கா? பாட்டு இருக்கா? ஒலி இருக்கா?”

இல்லை. அது அவனுக்கும் தெரியும், மிளகாய்க்கும் தெரியும். இரண்டு பெண்கள் சொன்ன ஒரே வாக்கியம், சத்தமில்லாத ஒரு வாய், அவ்வளவுதான். அதிகாரி பேனாவை விரலில் உருட்டிக்கொண்டு வோல்ட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். கடைசியாக, அறையில் ஒருவரும் பார்க்காத மூலையைப் பார்த்தார்.

“நீங்கதானே அந்த அண்ணன்?”

அண்ணன் திடுக்கிட்டார். “ஆ... ஆமாம் மேடம்.”

அதிகாரி சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரி விசாரிப்பதுபோல் கேட்டார்: “பால் என்ன ஆச்சு?”

கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர். யோசித்துச் சொல்லிப் பழகாதவர்.

“பொங்கிடுச்சு,” என்றார் அண்ணன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. தம்பியைப் பார்த்தார். வோல்ட்டின் வாய் திறந்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அண்ணன் பார்வையை மனைவி பக்கம் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்: “நான்தான் துடைச்சேன். அன்னைக்கு அவ அஞ்சாறு தடவை பாடினா. ஒவ்வொரு தடவையும் வலிச்சுது அவளுக்கு.”

அதிகாரி பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தத்தில் பேரம் முடிந்தது.

“வோல்ட் சார், எங்க வக்கீல் உங்களோட பேசுவார். அதுக்கு முன்னாடி பாடினது யாருன்னு நீங்க வெளிய சொல்லிடறது உங்களுக்கு நல்லது. இங்கயே, இப்பவே சொல்லிப் பழகலாம்.”

வோல்ட் கோட்டு விளக்கின் சுவிட்சைத் தேடினான். அது அகப்படவில்லை. மினுக்கிக்கொண்டே சொன்னான்: “...அண்ணிதான் பாடினாங்க.”

“சரியாக் கேக்கல,” என்றான் சீட்டி.

“அண்ணிதான் பாடினாங்க!”

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்திருந்த வெள்ளி, பதிவாகிவிட்டது என்று தலையசைத்தாள். பிறகு அண்ணி பக்கம் போய், “தொண்டை இன்னும் வலிக்குதாக்கா?” என்று கேட்டாள். அண்ணி அவள் கன்னத்தைத் தொட்டாள். விரலெல்லாம் வெள்ளி ஒட்டிக்கொண்டது.

“லிஃப்ட்ல மாட்டியிருக்கறதை உடனே எடுத்துடச் சொல்றேன்மா,” என்றார் அதிகாரி. “மன்னிச்சுக்குங்க.”

அண்ணி தலையை ஆட்டினாள். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டால்தான் அவள் பேசுவது கேட்கும்; அடக்கினார்கள். இனிமேல் அப்படித்தான் அடக்க வேண்டியிருக்கும்.

“நாளைக்கு எடுங்க. இன்னைக்கு எனக்கு வேணும்.”

எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

லிஃப்டுக்குள் மிளகாய், சீட்டி, வெள்ளி, அண்ணி. தாழ்வாரத்தின் கோடியில் அண்ணன் ஓடி வந்துகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் தாளம் தவறி அவர் ஓடுவதை யாரும் பார்த்ததில்லை.

“கொஞ்சம் இரு! நானும் வரேன்! நான்தான் சொல்லிட்டேன்ல, ஒத்துக்கிட்டேன்ல!”

சீட்டி இளகிய மனசுக்காரன். கதவைத் திறந்து வைக்கும் பட்டன் மேல் விரலை வைத்தான்.

அண்ணி அந்த விரலைப் பிடித்து, மெதுவாக எடுத்து, அவன் பக்கமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, தன்னை நோக்கி ஓடி வரும் மனிதரை நேராகப் பார்த்து, வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. ஒரு எழுத்து பிசகாமல், மேலிருந்து அவளுடைய பழைய குரல் கணீரென்று வந்தது:

“கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நில்லுங்கள்.”